வேலூருக்குப் போய் நிமிர்ந்து வந்தோம்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அழகில்லாத பெண்கள் - இவ்வளவும் சேர்ந்ததுதான் வேலூர் என்பார்கள். யார் கட்டிவிட்டார்களோ தெரியாது. கட்டியவர் நிச்சயம் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கடைசி வரியைப் பார்த்தாலே தெரிகிறதே!

நான் வேலூருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் சித்தியை அழைத்து வரத்தான் போனேன். ஆனால் நாலு நாள் தங்கியதில் ஊரும் பார்த்தாயிற்று. அந்தக் கேலியை வரி வரியாகச் சோதித்தும் பார்த்தாயிற்று. உங்களில் எத்தனையோ பேருக்கு, வீட்டில் யாருக்காவது முதுகு வலி என்று ஒரு நாள் அந்த ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டி வரலாம். வராமலே இருக்கட்டும். வந்தால் இந்தக் கட்டுரை ஒரு கைத்துணையாக இருக்கும்.

சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் காட்பாடி. அரக்கோணம் தாண்டியதும் வயல்கள் போய்ப் பாறைக் குன்றுகள் வர ஆரம்பிக்கும். காட்பாடியில் இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்தால் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்குள் நுழையலாம். பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மட்டும் மணல், நாணல், அங்கங்கே மேயும் மாடுகள். கேலியின் முதல் வரி பெரும்பாலான நாட்களில் உண்மைதான் போலும். ஆனால் 2021 நவம்பரில் இதே பாலாறு கரை புரண்டு ஓடியது. ஆற்றையும் மனிதர்களையும் ஒரே ஒரு நாள் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

காந்தி ரோட்டில் ஒரு வங்காளம்

ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோடும் அதைச் சுற்றிய சந்துகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்று சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள். லாட்ஜ் பெயர்ப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளி எழுத்து. சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பும் சோறும் வங்காளத்துப் பக்குவத்தில். மருந்துக் கடைப் பையன் நம்மிடம் தமிழில் பேசுகிறான். அடுத்து நிற்பவரிடம் தடையில்லாமல் வங்காளி பேசுகிறான். கொல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, கையில் எக்ஸ்ரே படங்களின் நீள உறையோடு வந்து இறங்குகிறார்கள்.

இங்கே லாட்ஜ் என்றால் கட்டிலும் நாற்காலியும் மட்டும் அல்ல. பல இடங்களில் அறைக்குள்ளேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ளலாம். பாத்திரங்களும் வாடகைக்குக் கிடைக்கும். வைத்தியம் ஒரு வாரமா, ஒரு மாதமா என்று தெரியாமல் வருகிறவர்களுக்கு வேறு வழி ஏது? மாலை ஐந்து மணிக்கு அந்தச் சந்துகளில் நடந்தால் ஒரு ஜன்னலில் கடுகெண்ணெய் வாசனை, அடுத்த ஜன்னலில் நம் ஊர் ரசத்தின் வாசனை.

அப்படி ஓர் அறையில்தான் சித்தி ஆறு வாரமாகக் குடியிருந்தாள். என்னைக் கண்டதும் கட்டிலை விட்டுத் தாவி எழுந்திருப்பாள் என்று பார்த்தால், முகத்தில் மட்டும் சிரிப்பு வந்தது, உடம்பு நகரவில்லை.

"இரு, இரு. உருண்டுதான் எழுந்திருக்கணும்" என்றாள்.

முழங்கால்களை மடக்கினாள். தோளும் இடுப்பும் ஒன்றாகவே திரும்பும்படி, ஒரு மரக்கட்டை உருளுவதுபோல் பக்கவாட்டில் உருண்டாள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி மேலே எழும்பினாள். நிமிர்ந்து நின்று, "எப்படி?" என்பதுபோல் பார்த்தாள். சர்க்கஸில் கம்பி மேல் நடந்து முடித்தவள் மாதிரி இருந்தது.

ஐம்பத்தெட்டு வயதுச் சித்திக்கு மாம்பலத்தில் மாவு வியாபாரம். சித்தப்பா போன பிறகு, இரண்டு கிரைண்டரை வைத்துக்கொண்டு இட்லி மாவு அரைத்து விற்றே மகனைப் படிக்க வைத்தாள். இருபது வருஷமாகத் தினமும் விடியற்காலை குனிந்து, ஊறிய அரிசியை அள்ளி, கல்லைத் தூக்கி, மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்த முதுகு அது. மூன்று வருஷமாக வலி. அப்புறம் வலி காலுக்கு இறங்கியது. தெருமுனை வரை நடந்தால் இரண்டு காலும் மரத்துக் கனக்கும். எங்கேயாவது உட்கார்ந்தால் சரியாகும். கடைசியில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கடைக்குப் போவதை நிறுத்தினாள். மாவை மட்டும் நிறுத்தவில்லை.

ஐந்து எலும்பை இயற்கையே ஒட்டியிருக்கிறது

நமது முதுகுத் தண்டு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்புக்கு மேலே 5 என்று அடுக்கி வைத்த முள்ளெலும்புகள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு. அதற்குக் கீழே 5 எலும்புகள் உண்டு. பிறக்கும்போது தனித் தனியாக இருந்து, வளர வளர ஒன்றாக ஒட்டித் திரிகம் என்ற ஒரே எலும்பாகிவிடுகின்றன. கடைசியில் வாலின் மிச்சம் போலச் சின்ன எலும்புகள் நாலு. எலும்போடு எலும்பை ஒட்டுவது என்றதும் நாம் நடுங்குகிறோமே, இயற்கை அதை நம் எல்லோருக்கும் இளமையிலேயே செய்து முடித்துவிட்டது!

சித்திக்கு இடுப்புப் பகுதியின் நாலாவது எலும்பு ஐந்தாவதின் மேல் மெல்ல முன்பக்கமாக நழுவியிருந்தது. நடுவே போகும் நரம்புகளுக்கு இடம் சுருங்கிவிட்டது. ஐம்பது தாண்டிய பெண்களிடம் இந்தக் கோளாறு ஆண்களைவிட அதிகம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதுகு வலி என்றாலே ஆபரேஷன் என்று எண்ணிப் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலான முதுகு வலி கத்தி இல்லாமலே சரியாகும். சித்திக்கும் முதலில் மாதக் கணக்கில் உடற்பயிற்சியும் மருந்தும்தான் கொடுத்தார்கள். அவை பலிக்காமல், கால் பலம் குறைய ஆரம்பித்த பிறகே அடுத்த பேச்சு வந்தது.

இந்த வைத்தியம் நேற்று வந்ததும் அல்ல. 1911-ல் நியூயார்க் நகரத்தில் ரஸ்ஸல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பி என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக இதைச் செய்து காட்டினார்கள். அப்போது க்ஷயரோகம் முதுகெலும்பைத் தாக்கிக் குழந்தைகளைக் கூனாக்கிக்கொண்டிருந்த காலம். ஆல்பி நோயாளியின் காலெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து முதுகில் பதித்தார். அந்தக் காலத்தில் மாவுக்கட்டுப் போட்டு மாதக் கணக்கில் படுக்க வைப்பார்கள். இப்போது திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை அசையாமல் பிடித்து நிறுத்துகிறார்கள். அதனால் ஆபரேஷன் ஆன இரண்டொரு நாளிலேயே நடக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "கம்பி வைத்தாயிற்று, இனி என்ன?" என்று நினைக்கிறார்கள். கம்பி, வீடு கட்டும்போது கொடுக்கும் முட்டு மாதிரி. காங்கிரீட் இறுகும் வரைக்கும்தான் அதற்கு வேலை. இறுக வேண்டியது எலும்பு. அது ஒட்டுவதற்கு மாதங்கள் ஆகும். முழு பலம் பெறச் சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். முட்டை நம்பி மாடியில் குடியேறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகைபிடித்தால் எலும்பு ஒட்டுவது கெடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் நடந்தால் முதலில் பிடுங்கி எறிய வேண்டியது சிகரெட் பெட்டியை.

கோட்டைச் சுற்றில் நடைப் பாடம்

சித்திக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகளில் பெரியது மாத்திரை அல்ல; நடை. முதல் வாரம் அறையின் சுவரிலிருந்து சுவர் வரை. இரண்டாம் வாரம் லாட்ஜின் தாழ்வாரம். பிறகு தெரு. நான் போன சமயம் கோட்டை வரை முன்னேறியிருந்தாள்.

காலை ஆறு மணிக்கு வேலூர்க் கோட்டையைப் பார்க்க வேண்டும். அகழியில் நிறையத் தண்ணீர். அதில் கருங்கல் மதில்களின் நிழல் ஆடாமல் கிடக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தாரின் கீழிருந்த நாயக்கர்கள் எழுப்பிய கோட்டை. பிறகு பீஜப்பூரார், மராட்டியர், ஆற்காட்டு நவாபு, கம்பெனிக்காரர் என்று கை மாறிற்று. ராஜா இல்லாத கோட்டை என்பது சரியல்ல. ராஜாக்கள் இருந்தார்கள், கைதிகளாக! திப்பு சுல்தானின் குடும்பத்தை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கேதான் சிறையிருந்து 1832-ல் காலமானார். 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்த மதிலுக்குள்தான். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தி.

உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில். கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியும் குதிரையுமாகக் கல்லைச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். பல தலைமுறைகளாகக் கருவறை காலியாகவே இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச்சில் ஊரார் கூடி அதைத் திரும்பக் கொண்டு வந்து வைத்தார்கள். ஆகவே சாமி இல்லாத கோயில் என்ற வரியையும் அடித்துவிடலாம்.

சித்தி கோயில் வாசலில் நின்றாள். விழுந்து கும்பிட முடியாது. குனிந்து கும்பிடவும் கூடாது. கையை மட்டும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"இப்படிக் கும்பிட்டா சாமி ஒண்ணும் நினைச்சுக்காதில்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"பல தலைமுறை கோயிலே இல்லாம இருந்த சாமி, சித்தி. அதுக்குத் தெரியாதா கஷ்டம்?" என்றேன்.

அவளுக்கு அன்று மனசு சரியில்லை என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. அகழி ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்பது உத்தரவு. அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இனிமே கடையை மூடிடுங்கன்னு சொல்றான். மாசம் பணம் அனுப்பறானாம். நல்ல பிள்ளைதான், இல்லேங்கலை. ஆனா காலைல எழுந்து என்ன பண்றது? ஒரு சொம்பு தண்ணியைத் தரையிலிருந்து எடுக்க இன்னொருத்தரைக் கூப்பிடணும்னா நான் எதுக்குடி?"

நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது பதில் தேவையாகவும் இல்லை. சகோதரிகளே, முதுகில் கத்தி வைத்தவர்களின் வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தையல் ஆறுவதை டாக்டர் பார்த்துக்கொள்வார். "இனி நான் யாருக்கும் உதவாதவள்" என்ற புண் மூன்றாவது, நாலாவது வாரத்தில் மெல்லக் கிளம்பும். "எதுவும் செய்யாதீங்க, பேசாம படுங்க" என்று நாம் அன்பாகச் சொல்லும் வார்த்தையே அதில் உப்பைத் தடவும்.

பாகாயம் போகும் சாலை

அன்று மாலை சித்தியை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் பாகாயம் போனேன். ஊருக்குத் தெற்கே ஆறேழு கிலோமீட்டர். கட்டடங்கள் குறைந்து மரங்கள் வருகின்றன. இரு புறமும் பாறை மலைகள். அங்கேதான் மருத்துவக் கல்லூரியும், முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையமும் இருக்கின்றன.

இந்த ஊரின் கதை ஒரு பெண்ணால் ஆரம்பித்தது. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் குடும்பம். இருபது வயதை ஒட்டித் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். பெண் டாக்டர் கிடையாது. பொழுது விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகே ஐடா டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-ல்தான். "அழகில்லாத பெண்கள்" என்று பாட்டுக் கட்டியவருக்கு இவர் கண்ணில் படவில்லை போலும்.

அந்தக் கல்லூரியில் படித்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் செராய் என்ற ஊரில் 1925-ல் பிறந்தவர். 1954-ல், அவர் இளம் டாக்டராக இருந்தபோது, சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம். தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். சித்திக்கு ஒட்டியது எலும்பை, அவள் நடக்கிறாள். டாக்டர் மேரிக்கு அடிபட்டது எலும்புக்குள் ஓடும் தண்டுவடம். அறுந்த எலும்பு சேரும். அறுந்த தண்டுவடத்தைச் சேர்க்கும் வித்தை இன்றைக்கும் இல்லை. அவர் மறுபடி நடக்கவில்லை.

ஆனால் அவரது ஆசிரியர் டாக்டர் பால் பிராண்ட் ஒன்றைக் கவனித்தார். கால் போனாலும் கை போகவில்லையே! தொழுநோயால் விரல் மடங்கியவர்களுக்குக் கையில் ஆபரேஷன் செய்து விரலை நிமிர்த்தும் வித்தையில் பிராண்ட் உலகப் புகழ் பெற்றவர். அந்த வேலையைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். மேரி கற்றுக்கொண்டார், செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் தமக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டார். அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து, வேலூரில் அந்தத் துறையின் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார்.

தென்னை ஏறி விழுந்தவர்கள், கட்டட வேலையில் சறுக்கியவர்கள், சாலையில் அடிபட்டவர்கள் எல்லாம் இங்கே வருகிறார்கள். நாற்காலியில் உட்காருவது, அதிலிருந்து கட்டிலுக்கு மாறுவது, புண் வராமல் உடம்பைக் காப்பது, வீட்டுக்குப் போய் என்ன தொழில் செய்யலாம் என்பது வரை சொல்லித் தருகிறார்கள்.

சாலையோரம் நின்றிருந்தேன். மாலை வெயிலில் ஓர் இளைஞன் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் அம்மா. கையை நீட்டியபடி, ஆனால் தொடாமல் வந்தாள். தொட்டுவிடத் துடிக்கும் கையை அவள் அடக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். நாற்காலி மேட்டைத் தாண்டியது.

இரவு சித்தியிடம் டாக்டர் மேரியின் கதையைச் சொன்னேன். அந்த அம்மாவையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

"கால் போனவங்க ஆபரேஷன் பண்ணாங்களா?"

"ஆமாம்."

"உக்காந்துக்கிட்டே?"

"உட்கார்ந்துகொண்டேதான்."

"நாற்காலியை மேசைக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கிட்டிருப்பாங்க இல்ல?" என்றாள். கொஞ்சம் கழித்து, "கிரைண்டரை ஏன் தரையில வைக்கணும்?" என்றாள்.

வீடு திரும்பும் கலை

மறுநாள் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ஊருக்குப் போகலாம் என்றார். உடற்பயிற்சி சொல்லித் தந்த பெண் ஒரு கேரளத்துக் குட்டி. "அம்மே" என்றுதான் கூப்பிடுவாள். அவள் சொன்ன சட்டங்கள் மூன்றே மூன்று: குனியாதே, தூக்காதே, முறுக்காதே. மூன்று மாதம் வரைக்கும் இவைதான் வேதம். தூக்குவது என்றால் நாலு கிலோவுக்கு மேல் எதையும். பேரக் குழந்தையையும் சேர்த்து! முறுக்குவது என்றால் பின்னால் யாராவது கூப்பிட்டால் வெடுக்கென்று இடுப்பைத் திருப்பிப் பார்ப்பது. காலை நகர்த்தி உடம்பு முழுவதுமாகத் திரும்ப வேண்டும். "பழைய நாடகத்து ராஜா மாதிரி" என்று சித்தி நடித்துக் காட்டினாள்.

ரயிலில் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்தாள். வீட்டில் நாங்கள் முன்னதாகச் செய்து வைத்த ஏற்பாடுகளை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவைப்பட்டால் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் விரித்த பாய்க்குப் பதில் முழங்கால் உயரக் கட்டில். உட்கார்ந்து போகும் கழிப்பறை இல்லாவிட்டால், மேலே பொருத்தும் நாற்காலி. குளியலறையில் வழுக்காத விரிப்பும் பிடித்துக்கொள்ளக் கம்பியும். தினம் புழங்கும் உப்பு, புளி, டம்ளர் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில். கீழே விழுந்ததை எடுக்க, நுனியில் இடுக்கி வைத்த நீளக் குச்சி. கால்மிதியும் ஒயரும் காலில் தடுக்காமல் அப்புறப்படுத்தல். பின்னால் வார் உள்ள செருப்பு. வலி மாத்திரைகள் மலச்சிக்கல் செய்யும். கீரையும் பழமும் தண்ணீரும் மறக்கக் கூடாது. இடுப்புப் பட்டை சில டாக்டர்கள் போடச் சொல்வார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். உங்கள் டாக்டர் சொல்வதே சட்டம். பக்கத்து வீட்டு மாமி சொல்வது அல்ல.

ஜுரம், காயத்தில் கசிவு, காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை அல்லது போகாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், மார்பு வலி, மூச்சுத் திணறல் - இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

தை முதல் மார்கழி வரை

சித்திக்கு ஆபரேஷன் நடந்தது தை மாதத்தில். சித்திரையில் கோயிலுக்கு நடந்து போனாள். திரும்பி வரும்போது எங்கும் உட்காரவில்லை. அன்று மகனிடம் வியாபாரப் பேச்சை அவளே எடுத்தாள். மூன்று நாள் வீட்டில் சண்டை. அவன், "இதுக்கா வேலூர் போனோம்?" என்றான். அவள், "இதுக்குத்தான் போனேன்" என்றாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரு வழிக்கு வந்தார்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை காத்திருப்பது. பிறகும் தூக்கும் வேலை அவளுக்கு இல்லை.

ஆடியில் டாக்டர் சரி என்றார். இப்போது கிரைண்டர் இடுப்பு உயர மேடையில் இருக்கிறது. கல்லைத் தூக்காமல், பாத்திரத்தையே சாய்த்து மாவை வடிக்கிற ரகம். அரிசி மூட்டையையும் மாவுப் பாத்திரத்தையும் தூக்க, அடுத்த தெருப் பெண் ஒருத்தி காலையில் இரண்டு மணி நேரம் வருகிறாள். முன்னைப்போல் இரண்டு கிரைண்டர் இல்லை, ஒன்றுதான். வருமானம் பாதி. அதில் அந்தப் பெண்ணின் சம்பளமும் போகிறது. ஆனால் உப்பு சரியா, பதம் சரியா என்று பார்ப்பது சித்தியின் கைதான்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வலது பாதத்தின் ஓரத்தில் கொஞ்சம் மரமரப்பு இன்னும் இருக்கிறது. மழைக் காலத்தில் இடுப்பு இறுகுகிறது. தரையில் சம்மணமிட்டுப் பந்தியில் உட்காருவது போயிற்று. ஒட்டிய எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளுக்கு இனிச் சுமை கொஞ்சம் கூட. அதனால் உடற்பயிற்சி என்பது ஆயுள் முழுவதுக்கும். ஆனால் குனிவது என்பது பெரும்பாலும் இடுப்பு மூட்டில் நடக்கும் வேலை. முதுகு வளையாமல் இடுப்பில் மடங்கப் பழகிக்கொண்டால் ஒட்டிய ஓர் எலும்பின் நஷ்டம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு முழங்காலை ஊன்றி, முதுகு நேராக இருக்க, புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து புள்ளிக் கோலம். முன்பெல்லாம் தெருவையே அடைக்கும்.

"சின்னதா இருக்கேன்னு பார்க்கிறியா?" என்றாள். "இருக்கட்டும். நானே போட்டது."

வேலூருக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. நோயாளிக்குத் துணையாகப் போகும்போது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நாலு நாளையும் கழிக்காதீர்கள். காலையில் கோட்டையைச் சுற்றுங்கள். டாக்டர் அனுமதித்தால் நோயாளியையும் கூட்டிக்கொள்ளுங்கள், அதுவே வைத்தியம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் ஒரு கிலோ வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை அதற்கு உண்டு, எண்ணெய்க் குழம்புக்கு இணையில்லை. ஆற்காட்டு மக்கன் பேடாவும் ஒரு பெட்டி. ஆனால் பையை நோயாளி கையில் கொடுத்துவிடாதீர்கள். நாலு கிலோ கணக்கு ஞாபகம் இருக்கட்டும்!